ஐரிஷ் ஜனாதிபதியும் ராஜாவின் நாற்காலியும்

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 11-ந் தேதி டப்ளின் கோட்டையிலே காதரின் கானலி என்னும் அம்மையார் அயர்லாந்தின் பத்தாவது ஜனாதிபதியாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். ஆங்கில ராஜப்பிரதிநிதிகள் தர்பார் நடத்திய அதே கோட்டை. ஐரிஷ் தேசபக்தர்களைப் பல தலைமுறைகளாக ஒற்றர்கள் மூலம் கண்காணித்து வந்த அதே கோட்டை. இச்செய்தியைப்பற்றி நம்முடன் பேசிய நண்பர் ஒருவர், "அதிகாரம் இல்லாத ஜனாதிபதி, கொலுப் பொம்மை. இதில் நாம் அறிந்துகொள்வதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாம் நின்ற நிலையிலேயே விடை சொல்லவில்லை. சொல்வதானால் நூறு வருஷத்துக் கதையைச் சொல்லவேண்டும். அதையே இங்கு எழுதத் துணிகிறோம்.

ராஜாவை விலக்குவது என்பது ஒரு ஜாதியார் செய்யக்கூடிய காரியங்களில் அவ்வளவு அரியதன்று. விலக்கிய பின் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். உடைத்துப் போடலாம், அப்பொழுது சட்டத்தில் கையெழுத்திடுவதற்கு ஆள் இல்லை. மந்திரிகளில் பெரியவரையே அதில் உட்கார வைக்கலாம். அப்பொழுது அவரைத் தட்டிக் கேட்பதற்கு ஆள் இல்லை. அயர்லாந்து இவ்விரண்டையும் வேறு பலவற்றையும் செய்து பார்த்துவிட்டே தற்பொழுதுள்ள ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தது.

எட்டாவது ஹென்றி 1541-ல் டப்ளின் பார்லிமெண்டைக் கொண்டு தன்னை அயர்லாந்தின் ராஜா என்று சொல்லச் செய்தான். அதற்கு முன் ஆங்கில மன்னருக்கு அங்கே பிரபு என்ற பட்டந்தான் இருந்தது. 1801 முதல் அயர்லாந்துக்குத் தனிப் பார்லிமெண்டும் இல்லாமற் போயிற்று. கோட்டையிலே ராஜப்பிரதிநிதியின் உத்தியோகசாலை, பீனிக்ஸ் தோட்டத்திலே அவருடைய மாளிகை, இவ்வளவுதான் ஐரிஷ்காரர் கண்ட அரசாங்கம். 1882-ல் அந்த மாளிகையின் கண்ணெதிரே தலைமைக் காரியதரிசி கேவண்டிஷ் பிரபுவும் அவருடைய உபகாரியதரிசியும் கத்தியால் குத்துண்டு மாண்டனர். இந்த மாளிகையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். நமது கதையில் அது திரும்பவும் வரும்.

1919-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி ஸின் பீன் கட்சியார் டப்ளினில் கூடி டாயில் என்னும் தேசீய சட்டசபையை நிறுவிச் சுதந்திரப் பிரகடனம் செய்தார்கள். ஆனால் அந்தக் குடியரசுக்கு ராஜ்யத் தலைவர் என்று எவரையும் அவர்கள் ஏற்படுத்தவில்லை. மந்திரிகளுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். முதலில் காஹல் புரூகா, பிறகு ஏப்ரல் முதல் டி வேலரா. மந்திரிகள் பாதிப் பேர் சிறையில், மீதிப் பேர் தலைமறைவில். இந்த நிலைமையில் கொடி பிடித்துக் கொலு வைக்க யாருக்கு அவகாசம்? 1921 ஆகஸ்டில் லண்டனோடு பேச்சு வார்த்தைக்கு வழி பிறந்தபோதுதான், இங்கிலாந்தின் பிரதம மந்திரிக்கு எதிரே நிற்பவருக்கு அவருக்குச் சமானமான ஒரு பட்டம் வேண்டும் என்று தோன்றிற்று. டி வேலரா குடியரசின் தலைவர் எனப்பட்டார்.

அந்தப் பட்டம் ஆறு மாதங்கூட நிலைக்கவில்லை. 1921 டிசம்பர் 6-ந் தேதி லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையில் குடியரசு இல்லை. கானடாவைப் போன்ற டொமினியன் அந்தஸ்து இருந்தது. கானடாவில் எவ்விதமோ அவ்விதம் ராஜாவின் பிரதிநிதி ஒருவர் நியமிக்கப்படுவார். சட்டசபை அங்கத்தினர் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும். 1922 ஜனவரி 7-ந் தேதி 64 வோட்டுக்கு 57 வோட்டு என்ற கணக்கில் டாயில் இதை அங்கீகரித்தது. அந்த விவாதத்தைப் படிப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டு திகைப்பார்கள். வடக்கே ஆறு ஜில்லாக்கள் வெட்டப்பட்டுப் போனதைப்பற்றி அங்கே பேசியது சொற்பம். ராஜாவைப்பற்றியும் பிரமாணத்தைப்பற்றியும் பேசியதே மிகுதி. வார்த்தைக்காகவா சகோதரர்கள் வெட்டி மடிந்தார்கள் என்று எளிதாகக் கேட்டுவிடலாம். நாம் அப்படிக் கேட்கமாட்டோம். அந்நியன் பேரால் தன் நாட்டில் சட்டம் நடப்பதைக் கண்டவர்களுக்கு அது வெறும் வார்த்தையன்று. உள்நாட்டுக் கலகம் மூண்டது. டி வேலராவுக்குப் பின் தலைவரான ஆர்தர் கிரிபித் 1922 ஆகஸ்டு 12-ந் தேதி திடீரென்று காலமானார். பத்து நாளைக்கெல்லாம் மைக்கேல் காலின்ஸ் சுடப்பட்டு இறந்தார். டிசம்பர் 6-ந் தேதி ஐரிஷ் சுதந்திர நாடு, ராஜாவின் பேரால், பிறந்தது.

முதல் கவர்னர் ஜெனரல் டிம் ஹீலி என்னும் பாரிஸ்டர். பார்னல் என்ற பெருந்தலைவரைக் கவிழ்த்தவர்களில் ஒருவர். நாக்கில் விஷம் உள்ளவர் என்று பெயரெடுத்தவர். பீனிக்ஸ் தோட்டத்து மாளிகையில் அவர் குடியேறவே, டப்ளின் விகடர்கள் அதற்கு 'டிம் மாமாவின் குடிசை' என்று பெயரிட்டுவிட்டார்கள். அவருக்குப் பின் 1928-ல் வந்தவர் ஜேம்ஸ் மக்நீல். இவரை நம் நாட்டார் சற்று நின்று பார்க்கவேண்டும். இவர் பம்பாய் மாகாணத்தில் ஐ. ஸி. எஸ். உத்தியோகம் பார்த்தவர். டிரினிடாட், பிரிட்டிஷ் கயானா, பிஜி முதலிய தீவுகளிலும் நாடுகளிலும் ஒப்பந்தக் கூலிகளாக அடைபட்டிருந்த நம்மவர்களின் நிலையை விசாரிப்பதற்கு இந்திய சர்க்கார் அனுப்பிய இருவரில் ஒருவர், மற்றவர் சிமன்லால். அவர்கள் எழுதிய அறிக்கை குறைகளை ஒளிக்கவில்லையாயினும், மொத்தத்தில் கூலிமுறை தீமையைவிட நன்மையே அதிகம் செய்தது என்று முடிந்தது. பிஜிக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல் தமிழரும் தெலுங்கரும் கப்பலேறியிருந்தனர். அந்த முடிவை நாம் ஒப்பவில்லை. பின்னர் சென்று பார்த்த ஆண்ட்ரூஸும் ஒப்பவில்லை. ஆனால் மக்நீல் தமது நாட்டை நேசித்தவர் என்பதில் ஐயமில்லை; உத்தியோகத்தை உதறி ஸின் பீன் இயக்கத்தில் சேர்ந்தவர்.

1932 மார்ச்சில் டி வேலரா அதிகாரத்துக்கு வந்தார். மக்நீலின் நிலை, இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளத்தின் நிலையாயிற்று. பிரெஞ்சு ஸ்தானிகர் மாளிகை விருந்து ஒன்றில் அவர் நுழைந்ததும் இரண்டு மந்திரிகள் எழுந்து வெளியே நடந்தார்கள். ஒருவர் பிராங்க் அய்க்கன். மற்றவர் ஷான் டி. ஓ கெல்லி. மக்நீல் மன்னிப்புக் கோரினார், கிடைக்கவில்லை. கடிதங்கள் போய் வந்தன. சர்க்கார் வேண்டாமென்றும் கேளாமல் அந்தக் கடிதங்களை அவர் ஜூலையில் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். டி வேலராவின் ஆலோசனைப்படி ராஜாவே அவரை விலக்கவேண்டியதாயிற்று. ராஜாவின் பிரதிநிதியை ராஜாவின் கையெழுத்தாலேயே வெளியேற்றிய இந்தச் சாமர்த்தியத்தை வக்கீல்கள் பாராட்டலாம். மனிதர் என்ற முறையில் மக்நீலுக்காக நாம் வருந்துகிறோம். அவர் செய்த குற்றம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான்.

அடுத்து வந்தவர் டோனல் ஓ பூகலா. மேனூத் என்னும் சிற்றூரில் கடை வைத்திருந்தவர். தமது வண்டியில் தம் பெயரை ஐரிஷ் மொழியில் எழுதியதற்காகக் கோர்ட்டு ஏறியவர். 1916 கிளர்ச்சியில் தம்மூர்த் தொண்டர்களுடன் டப்ளினுக்கு நடந்து வந்து தபாலாபீசில் நின்று போரிட்டவர். இவரைக் கவர்னர் ஜெனரலாக்கியதே ஒரு பரிகாசம். ஆனால் நன்கு யோசித்துச் செய்த பரிகாசம். அவர் மாளிகைக்குப் போகவில்லை. டப்ளினுக்கு அடுத்த மாங்க்ஸ்டவுனில் வாடகை வீடு ஒன்றில் இருந்தார். விருந்தில்லை, தர்பாரில்லை, ஊர்வலமில்லை. மசோதா வந்தால் கையெழுத்திடுவார். சைக்கிளில் போகும் தபால்காரனுக்கு உள்ள ஆடம்பரங்கூட அவருக்கு இல்லை. 1933-ல் விசுவாசப் பிரமாணம் ஒழிந்தது. ஒரு பதவியை அடித்து நொறுக்காமல் பட்டினி போட்டே கொல்லலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் நமக்குத் தெரியாது.

கடைசி அடிக்குச் சமயம் தானாக வந்தது. 1936 டிசம்பரில் எட்டாவது எட்வர்டு ஒரு பெண்மணியின் பொருட்டு முடியைத் துறந்தார். ஒவ்வொரு டொமினியனும் அதற்குச் சட்டம் செய்யவேண்டும். டி வேலரா டாயிலை அவசரமாகக் கூட்டி, 11-ந் தேதி அரசியல் அமைப்பிலிருந்து ராஜாவையும் கவர்னர் ஜெனரலையும் அடியோடு நீக்கினார். மறுநாளே மற்றொரு சட்டம்: வெளிநாட்டு ஸ்தானிகர்களை நியமிப்பது, சர்வதேச உடன்படிக்கை செய்வது ஆகிய காரியங்களை மாத்திரம், ஐரிஷ் சர்க்காரின் யோசனைப்படி ராஜா செய்யலாம். வீட்டிற்குள் ராஜா இல்லை, வாசற்படியில் இருக்கிறார். வடக்கு ஜில்லாக்கள் என்றாவது திரும்பி வருவதற்கு ஒரு பாலம் வேண்டும் என்பது டி வேலராவின் எண்ணம்.

பிறகு 1937-ம் வருஷத்துப் புதிய அரசியல் சட்டம். ஜனங்களின் நேர் வோட்டால் ஏழு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஜனாதிபதி ஒருவரை அது உண்டாக்கிற்று. ஹிட்லரும் முஸோலினியும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. எதிர்க்கட்சியார், 'இது சர்வாதிகாரிக்குச் செய்யும் சிம்மாசனம். டி வேலரா அதில் ஏறிக்கொள்ளப் போகிறார்' என்று கூச்சலிட்டனர். அச்சம் வீண் என்று சட்டத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஜனாதிபதி மந்திரிசபையின் சம்மதமின்றி நாட்டை விட்டு வெளியே போகக்கூட முடியாது. ஜனங்களுக்கு முக்கியமான விஷயத்தைப்பற்றிச் செய்தி விடுப்பதென்றாலும் சர்க்காரின் ஒப்புதல் வேண்டும். ஏறக்குறைய எல்லாவற்றையும் மந்திரிகளின் சொற்படியே செய்யவேண்டும். ஆனால் அந்த 'ஏறக்குறைய' என்ற சொல்லிலேதான் விஷயம் இருக்கிறது. டாயிலில் பெரும்பான்மையை இழந்த பிரதம மந்திரி சபையைக் கலைக்கச் சொன்னால், ஜனாதிபதி மறுத்துவிடலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. ஒரு மசோதா அரசியல் சட்டத்துக்கு விரோதமோ என்று ஐயுற்றால், ராஜ்ய ஆலோசனைச் சபையைக் கலந்துகொண்டு, கையெழுத்திடுமுன் அதைச் சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பலாம். அனுப்புவதா வேண்டாமா என்பது அவர் ஒருவரின் தீர்ப்பு.

ஜூலை முதல் தேதி ஜனங்கள் வோட்டளித்தார்கள். சார்பாக 685,105, எதிராக 526,945. டிசம்பர் 29-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. 1938 ஜூன் 25-ந் தேதி வரை ஜனாதிபதி இல்லாமல் மூவர் கமிஷன் ஒன்றே அவருடைய காரியங்களைப் பார்த்தது.

முதல் ஜனாதிபதியாக இரு கட்சியாரும் மனமொத்து அழைத்தவர் டக்ளஸ் ஹைட் என்னும் முதிய வித்துவான். கத்தோலிக்க நாட்டில் புராட்டெஸ்டண்டுப் பாதிரியாரின் மகன். 1893-ல் கேலிக் சங்கத்தை நிறுவி, இறந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியை மீட்க வாழ்நாளைச் செலவிட்டவர். அந்தச் சங்கம் கட்சி அரசியலில் இறங்கிய 1915-ல் அதன் தலைமையை விட்டு விலகியவர். துப்பாக்கியைத் தொடாத ஒருவரைத் துப்பாக்கி பிடித்தவர்கள் தேடிப் போய் அழைத்தது அவர்களுக்குப் பெருமை. அவருக்காக, இடிக்கவிருந்த பீனிக்ஸ் தோட்டத்து மாளிகையைத் தற்காலிகமாகத் திறந்தார்கள். இன்று வரை அதுவே ஜனாதிபதியின் வாசஸ்தலம்.

வந்த ஆண்டே அவருக்கு ஒரு சங்கடம். போலந்துக்கும் அயர்லாந்துக்கும் நடந்த கால்பந்துப் பந்தயத்தைப் பார்க்கப் போனார். ஆங்கில விளையாட்டைப் பார்த்தார் என்று கேலிக் விளையாட்டுச் சங்கம் அவரைத் தன் போஷகர் பதவியிலிருந்து நீக்கிவிட்டது! ஐரிஷ் மொழிக்கு உயிரூட்டியவர் தேசத் துரோகியாம். இவ்விதத் தேசபக்தி எல்லா நாட்டிலும் விளைகிறது. ஆனால் இதே கிழவர்தான், 1940-ல் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் மசோதாவையும், 1942-ல் பள்ளிக்கூட ஹாஜர் மசோதாவையும் கோர்ட்டுக்கு அனுப்பியவர். முன்னதைக் கோர்ட்டு ஒப்பிற்று. பின்னதில் ஒரு பிரிவை விரோதமென்று தள்ளிற்று. கொலுப் பொம்மை என்ற நமது நண்பர் இதைக் கவனிப்பாராக. 1949-ல் ஹைட் காலமானபோது ஸெயிண்ட் பேட்ரிக் தேவாலயத்தில் சடங்கு நடந்தது. புராட்டெஸ்டண்டு ஆலயத்துள் பூஜையில் கலந்துகொள்ளக் கூடாதென்ற தங்கள் சபையின் விதிக்கு அஞ்சி, பிரதம மந்திரியும் பெரும்பாலான மந்திரிகளும் வெளியே மோட்டார்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

1937 முதல் 1949 வரை அயர்லாந்தின் ராஜ்யத் தலைவர் யார்? நேரான கேள்விதான். ஜனாதிபதிக்கு எல்லோரிலும் முதலிடம் என்று அரசியல் சட்டம் சொல்லிற்று. ராஜ்யத் தலைவர் என்ற சொல்லை உபயோகிக்கவில்லை. ஸ்தானிகர்களின் நியமனப் பத்திரத்திலோ ஆறாவது ஜார்ஜ் கையெழுத்திட்டார். இதனால் நேர்ந்த விநோதம்: யுத்த காலத்தில் நடுநிலைமை வகித்த அயர்லாந்து, பெர்லினுக்குப் புதிய ஸ்தானிகரை அனுப்ப முடியவில்லை. ஜெர்மனியோடு போர் புரியும் ராஜா, ஹிட்லருக்கு எப்படிப் பத்திரம் எழுதுவார்? கீழ்ப்பட்ட உத்தியோகஸ்தர் ஒருவரே அங்கு காலந்தள்ளினார். 1945-ல் 'நாம் குடியரசா இல்லையா?' என்று டாயிலில் கேட்டபோது, டி வேலரா அகராதிகளை எடுத்து வந்து ஒவ்வொன்றாக வாசித்து, குடியரசுதான் என்று நிரூபித்தார். அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டிய குடியரசு!

இந்த முடிச்சை அவிழ்த்தவர் டி வேலராவல்லர். அவரைத் தோற்கடித்து வந்த ஜான் காஸ்டெல்லோ. உடன்படிக்கையை ஆதரித்த கட்சியைச் சேர்ந்தவர், நல்ல பாரிஸ்டர். 1948 செப்டம்பரில் கானடாவில் ஆட்டவா நகரிலே பத்திரிகைக்காரர்களிடம், வெளிவிவகாரச் சட்டத்தை ரத்துச் செய்யப் போவதாகச் சொல்லிவிட்டார். விருந்தொன்றில் பட்ட அவமதிப்பினால் வந்த கோபம் என்று அதற்குக் கதை கட்டியவர்கள் உண்டு. 1949 ஏப்ரல் 18-ந் தேதி, ஈஸ்டர் திங்கட்கிழமை, குடியரசுச் சட்டம் அமலாயிற்று. வெளிவிவகாரங்களிலும் ஜனாதிபதியே சர்க்காரின் யோசனைப்படி நடப்பார். வாசற்படியில் நின்ற ராஜாவும் போனார், காமன்வெல்த்தும் போயிற்று. அதே மாதக் கடைசியில் லண்டனில் கூடிய மகாநாட்டில், குடியரசாகப் போகும் இந்தியா, ராஜாவைத் தன் தலைவராகக் கொள்ளாமலே காமன்வெல்த்தில் இருக்கலாம் என்று முடிவாயிற்று. பத்து நாள் முந்தியிருந்தால் அயர்லாந்தும் அந்த வழியில் போயிருக்குமோ என்று சிலர் கேட்பார்கள். போயிராது என்பதே நமது எண்ணம். ஐரிஷ்காரருக்கு ராஜாவோடிருந்த வழக்கு நம்முடையதைவிடப் பழையது, இரத்தமும் அதிகம்.

நமக்கும் அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கும் மற்றொரு தொடர்பு உண்டு. நமது அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் ஸ்ரீ பி. என். ராவ் டப்ளினுக்கும் சென்று டி வேலராவைச் சந்தித்தார். கோர்ட்டில் வழக்காட முடியாத, ஆனால் சர்க்கார் வழிகாட்டியாகக் கொள்ளவேண்டிய தத்துவங்கள் என்று நமது சட்டத்தில் உள்ள பகுதி அயர்லாந்திலிருந்து வந்தது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதற்கு, வோட்டர் அபேட்சகர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் முறை அங்கும் உண்டு, இங்கும் உண்டு; அங்கே ஜனங்கள் குறிக்கிறார்கள், இங்கே சட்டசபைகளின் அங்கத்தினர் குறிக்கிறார்கள். அம்முறையின் பயனை 1969-ல் கண்டோம். முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதி வோட்டு இல்லை. இரண்டாவது விருப்பங்களை எண்ணியே ஸ்ரீ வி. வி. கிரி ஜனாதிபதியானார். கிரி வாலிபத்தில் டப்ளினில் சட்டம் படித்தவர். ஐரிஷ் தீவிரவாதிகளோடு தொடர்பென்று 1916-ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்!

ஹைட்டுக்குப் பின் 1945-ல் முதன் முதல் போட்டித் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர் ஷான் டி. ஓ கெல்லி, 1932-ல் ராஜாவின் பிரதிநிதியைக் கண்டு விருந்திலிருந்து எழுந்து போனாரே, அவரேதான். பதினான்கு வருஷம் அந்தப் பழைய மாளிகையிலேயே சுகமாக இருந்தார். 1959-ல் டி வேலரா. ஏறக்குறையக் கண் தெரியாத நிலையில் பதவியேறி, 1966-ல் பதினாயிரத்துச் சொச்சம் வோட்டில் தப்பிப் பிழைத்து, 1973-ல் தொண்ணூறாவது வயதில் இறங்கினார். அவருக்குப் பின் வந்த எர்ஸ்கின் சில்டர்ஸின் தகப்பனாரைச் சுதந்திர நாட்டுச் சர்க்கார் 1922 நவம்பரில் சுட்டுக் கொன்றது. 'என் மரண தண்டனையில் கையெழுத்திட்டவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கைகுலுக்கு' என்று சிறைக்குள் பையனிடம் வாக்கு வாங்கினாராம் தகப்பன். மகன் அதை நிறைவேற்றினார். அவர் 1974 நவம்பரில் பதவியிலிருக்கும்போதே காலமானார்.

இனி நமது கதையின் நடுநாயகமான பகுதி. கார்வல் ஓ டாலி என்பவர் பிரதம நீதிபதியாயிருந்தவர். பிறகு ஐரோப்பிய நீதிமன்றத்தில் அமர்ந்தவர். போட்டியின்றி 1974 டிசம்பரில் ஜனாதிபதியானார். 1976 ஜூலையில் பிரிட்டிஷ் ஸ்தானிகர் டப்ளினில் வெடிகுண்டுக்கு இரையானார். உடனே லயம் காஸ்கிரேவின் சர்க்கார், ஒருவரை ஏழு நாள் வரை காவலில் வைக்க அனுமதிக்கும் அவசர அதிகார மசோதாவைக் கொண்டு வந்தது. ஓ டாலி ஆலோசனைச் சபையைக் கூட்டினார். மசோதாவைச் சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார். கோர்ட்டு அது செல்லும் என்றது. ஆனால் வக்கீலைக் காணும் உரிமையும் கோர்ட்டை அணுகும் உரிமையும் காவலில் இருப்பவனுக்கு அற்றுப்போகவில்லை என்றும் தெளிவாக்கிற்று. அக்டோபர் 16-ந் தேதி அவர் கையெழுத்திட்டார். இதில் எங்கே பிழை? சட்டம் கொடுத்த வேலையைச் சட்டம் சொன்ன வழியில் செய்தார்.

இரண்டு நாள் கழித்து, முல்லிங்கர் பட்டாளத்தில் சிப்பாய்களின் முன்னிலையில், பத்திரிகை நிருபர் ஒருவரும் உடனிருக்க, ராணுவ மந்திரி பாடி டோனிகன் ஜனாதிபதியை இழிசொல்லால் பெரிய அவமானம் என்று தூற்றினார். கேட்டவர்கள் யார் என்பதை யோசிக்கவேண்டும். ஜனாதிபதியே ராணுவத்தின் தலைமைச் சேனாதிபதி. அங்கிருந்த அதிகாரிகள் அவர் கையால் நியமனம் பெற்றவர்கள். மந்திரி மன்னிப்புக் கேட்டு எழுதினார். ராஜிநாமாவும் தருவதாகச் சொன்னார். பிரதம மந்திரி அதை ஏற்கவில்லை. மந்திரியை விலகச் சொன்ன தீர்மானம் டாயிலில் 63 வோட்டுக்கு 58 என்று தோற்றது. மறுநாள், அக்டோபர் 22-ந் தேதி, ஓ டாலி தமது சொந்த நேர்மைக்காகவும் ஜனாதிபதி பதவியின் கௌரவத்தையும் சுயேச்சையையும் காப்பதற்காகவும் விலகுவதாக அறிவித்தார்.

அவர் விலகியிருக்க வேண்டியதில்லை என்பார் உண்டு. மந்திரியின் வாய்க்கு ஜனாதிபதி பலியாவதா என்பது அவர்கள் வாதம். நாமும் ஒரு காலத்தில் அப்படியே நினைத்தோம். கோர்ட்டில் பல வருஷம் நின்ற பிறகு வேறு விதமாகத் தோன்றுகிறது. ஜனாதிபதியிடம் போலீஸ் இல்லை, பணம் இல்லை, மந்திரியை நீக்கும் அதிகாரமும் இல்லை. ஒரு மசோதாவைக் கோர்ட்டுக்கு அனுப்பியதற்காக அவரைச் சிப்பாய்களின் முன் வைதுவிட்டு, வைதவர் பதவியிலும் இருப்பாரானால், அடுத்து வரும் ஜனாதிபதி அடுத்த மசோதாவை அனுப்புமுன் இருமுறை யோசிப்பார். ஓ டாலி இருந்து சம்பளம் வாங்கியிருந்தால் அந்த அதிகாரம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கும். காஸ்கிரேவ் பிறவற்றில் உறுதியுள்ளவர். இதில் அவர் செய்தது பெரும் பிழை. அடுத்த வருஷத்துப் பொதுத் தேர்தலில் அவருடைய சர்க்கார் தோற்றது. அதற்குக் காரணங்கள் பல இருந்தன, இதையே காரணமென்று சொல்ல நாம் துணியோம்.

ஓ டாலிக்குப் பின் வந்த பாட்ரிக் ஹில்லரி சத்தமில்லாத மனிதர். 1982 ஜனவரியில் வரவுசெலவுத் திட்டத்தில் சர்க்கார் தோற்றபோது, சபையைக் கலைக்காதீர், எங்களை அழையும் என்று எதிர்க்கட்சிப் பெரியோர்கள் அவருடைய மாளிகைக்கு டெலிபோன் மேல் டெலிபோன் செய்தார்கள். அவர் பேச மறுத்தார். பிரதம மந்திரி கேட்டபடி சபையைக் கலைத்தார். இந்தச் சிறு சம்பவம் எட்டு வருஷம் கழித்துப் பழி வாங்கிற்று. 1990 தேர்தலில் வெற்றி நிச்சயம் என்றிருந்த பிரையன் லெனிஹன், தாம் அப்படி டெலிபோன் செய்யவில்லை என்றார். செய்ததாக முன்பு மாணவர் ஒருவரிடம் அவர் சொன்னது ஒலிப்பதிவாக வெளிவந்தது. மந்திரி பதவி போயிற்று. முதல் எண்ணிக்கையில் முந்தியிருந்தும், இரண்டாவது விருப்பங்களில் மேரி ராபின்ஸன் என்னும் பெண் பாரிஸ்டரிடம் தோற்றார். அவ்வம்மையார் மாளிகையின் ஜன்னலில், கடல் கடந்து போன ஐரிஷ்காரர்களுக்காக விளக்கேற்றி வைத்தார். 1993-ல் லண்டனுக்குப் போய் ராணியைக் கண்ட முதல் ஐரிஷ் ஜனாதிபதியும் அவரே. அவருக்கு அடுத்தவரான மேரி மக்கலீஸ் காலத்தில், 2011 மே மாதம், ராணி எலிஸபெத் டப்ளினுக்கு வந்து, இங்கிலாந்தை எதிர்த்து மாண்டவர்களின் நினைவுத் தோட்டத்தில் தலை வணங்கினார். அன்று பழைய மாளிகையில் அவரை வரவேற்றவர் ராஜாவின் பிரதிநிதியல்லர், ஜனங்களின் பிரதிநிதி.

2011 முதல் 2025 வரை கவிஞரான மைக்கேல் ஹிக்கின்ஸ் இருந்தார். 2025 அக்டோபர் தேர்தலில் கானலி அம்மையார் செல்லத்தக்க வோட்டுக்களில் 63 சதவிகிதத்துக்கு மேல் பெற்றார். எனினும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் செல்லாதவையாயின. வேண்டிய அபேட்சகர் இல்லையென்று கோபித்தவர்கள் வேண்டுமென்றே கெடுத்தவை அவற்றில் பல. டாயிலிலும் மேல்சபையிலுமாக 20 அங்கத்தினராவது, அல்லது நான்கு ஸ்தல சபைகளாவது முன்மொழிந்தாலன்றி அங்கு ஒருவர் நிற்க முடியாது. அந்த வாசலை அகலப்படுத்தவேண்டும் என்ற கூக்குரல் எழுந்திருக்கிறது. நியாயமான கூக்குரல் என்றே நினைக்கிறோம்.

மற்றொரு வழக்கும் தீராமல் கிடக்கிறது. வெளிநாட்டிலும் வடக்கு ஜில்லாக்களிலும் வசிக்கும் ஐரிஷ் பிரஜைகளுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வோட்டு அளிப்பதைப்பற்றி 2019-ல் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்பதாயிருந்தது, ஒத்திப் போடப்பட்டது. மக்கலீஸ் அம்மையார் பெல்பாஸ்டில் பிறந்தவர். பதினான்கு வருஷம் அவர் டப்ளினில் ஜனாதிபதியாக இருந்தார். அவ்வளவு காலமும் பெல்பாஸ்டிலிருந்த அவருடைய அண்டைவீட்டார் ஒருவருக்கும் அவருக்கு வோட்டளிக்கும் உரிமை இருந்ததில்லை.